குடித்து ஓட்டியவருக்கு வக்காலத்து

"மதுவோ ஹராம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்காக நான் வாதாடலாமா, ஹஜ்ரத்?" என்று ஓசூர் வட்டாரத்து இளம் வக்கீல் ஒருவர் கேட்கிறார். இரு மாநில லாரிகளும் ஆலைத் தொழிலாளரின் வண்டிகளும் நெருக்கியடிக்கும் ஜூஜூவாடிச் சாலையில் இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல.

தாராளமாக வாதாடலாம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்ததைச் சோதனையால் காட்டவேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு. கருவி சரியாக இருந்ததா, சோதனை முறைப்படி நடந்ததா என்று கேட்பது பொய்யாகாது. நம் ஃபுகஹாக்கள் இதில் இன்னும் கண்டிப்பானவர்கள். வாயில் வாடை வீசியது என்பதை மட்டும் வைத்து ஹத்துத் தண்டனை இல்லை என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம்.

ஆகவே, "நிரூபணமாகவில்லை" என்று சொல்லுங்கள். உண்மை தெரிந்திருந்தும் "குடிக்கவேயில்லை" என்று சொல்லாதீர்கள். சாட்சியின் பக்கமே போகாதீர்கள். 1999 ஜனவரியில் டில்லியில் பி.எம்.டபிள்யூ கார் மோதி, மூன்று போலீசார் உட்பட ஆறு பேர் மாண்டனர். அவ்வழக்கில் சாட்சியைக் கலைக்க முயன்ற எதிரித்தரப்பு மூத்த வக்கீல் ஆர்.கே. ஆனந்த் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியே என 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சட்டம் தெரியாதவரா அவர்?

இன்னொன்று. சந்தேகம் வந்தால் ஹத்து நீங்கும். அடிபட்டவரின் ஹக்கு நீங்காது. விடுதலை கிடைத்தாலும் நஷ்டஈட்டு வழக்குத் தனியே நிற்கும். அதைக் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் வேறு வக்கீலைத் தேடிப் போனால் போகட்டும்.