தொண்டரும் அதிகாரமும்
திறந்த மூல மென்பொருட் குழுக்களை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கூலிக்கு உழைப்பவரை ஏவும் உரிமை கூலி கொடுப்பவருக்கு உண்டென்பதை உலகம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுள்ளது. குடிமக்களை அரசு ஏவுகின்றது. மறுப்போரை ஒறுக்கும் வலியும் அதனிடமுண்டு. ஆயின் கூலி எதுவும் பெறாது, சட்டம் எதனாலும் கட்டுப்படுத்தப்படாது, தம் ஓய்வுப்பொழுதைப் பொதுப்பணி ஒன்றிற்கு ஈயும் ஒருவரை ஏவும் உரிமை யாருக்கு உண்டு? அவ்வேவலை ஏற்கவேண்டிய கடப்பாடு அவருக்கு எங்கிருந்து பிறக்கின்றது? அரசியல் மெய்யியலில் நெடுங்காலம் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த இவ்வினா, திறந்த மூல மென்பொருள் இயக்கத்தின் வரவோடு நடைமுறைப் பிரச்சினையாகவே உருவெடுத்துள்ளது.

1983இல் ரிச்சர்ட் ஸ்ரோல்மன் தமது குனூ திட்டத்தினை அறிவித்தார். 1991இல் லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இவற்றின்மேல் எழுந்த டெபியன் 1993இலும், டெபியனை அடியொற்றி எழுந்த உபுந்து 2004இலும் தோன்றின. இவ்வரலாறு பலரும் அறிந்தது, விரித்தல் வேண்டுவதில்லை. ஈண்டு நோக்கற்பாலது, இம்மென்பொருள்களைச் சூழ்ந்து ஊர்தோறும் நாடுதோறும் எழுந்த சிறு தொண்டர் குழுக்களேயாம். பாடசாலைகளில் மென்பொருளை நிறுவிக்கொடுத்தல், கலைச்சொற்களைத் தாய்மொழியில் ஆக்குதல், புதியவர்க்குக் கற்பித்தல் என்பன இவற்றின் பணிகள். உபுந்துவின் புரவல நிறுவனம் 2005 முதல் 2011 வரை இலவசமாக அனுப்பிவந்த இறுவட்டுக்களை ஊரில் விநியோகித்தோரிற் பலர் இத்தகைய குழுவினரே. பார்வைக்கு எளிய பணிகள். எனினும் இருபது பேர் கூடும் குழுவொன்றிலும் தலைவர் யார், முடிவெடுப்பவர் யார் என்ற பூசல் எழாதிருப்பதில்லை.

கடப்பாட்டின் மூலத்தை விளக்க மேனாட்டு அரசியல் மெய்யியலாளர் கண்ட வழிகளுள் ஒன்று உடன்பாட்டுக் கொள்கை. நாட்டில் வாழ்வதே அதன் ஆட்சிக்கு வாய்பேசா உடன்பாடு அளித்தலாகும் என்றார் ஜோன் லொக். 1748இல் வெளியான கட்டுரையொன்றில் டேவிட் ஹியூம் இதனை மறுத்தார். உறக்கத்திலே கப்பலில் ஏற்றப்பட்ட ஒருவர், கடலிற் குதித்து மாள விரும்பாமையினாற் கப்பலிலே தங்குவாராயின், கப்பற் றலைவனின் அதிகாரத்திற்கு அவர் உடன்பட்டார் எனக் கூறலாமா என்பது ஹியூமின் வினா. அரசைப் பொறுத்தவரை இதற்கு விடையிறுத்தல் கடினம். தொண்டர் குழுவிலோ கப்பலும் இல்லை, கடலும் இல்லை. விரும்பாதவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்துவிடலாம். எனவே லொக்கின் உடன்பாட்டுக் கொள்கை தனக்குரிய நிலத்தை ஈற்றில் இங்கேதான் கண்டுகொண்டது எனத் தோன்றலாம். மென்பொருள் உலகில் இவ்வெளியேறும் உரிமை இன்னும் வலிமை வாய்ந்தது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருத்தலின், அதிருப்தியுற்றோர் அதனைப் படியெடுத்துத் தனிக்கிளையாக வளர்க்கலாம். தலைமை தவறின் கிளைபிரியலாம் என்ற அச்சமே தலைமையை நெறிப்படுத்தும் என்பது இவ்வியக்கத்தாரின் நம்பிக்கை.

இந்நம்பிக்கை ஊர்க்குழுவினைப் பொறுத்தவரை பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. நிரலைப் படியெடுத்தலால் மூலம் குறைவதில்லை. குழுவைப் படியெடுத்தல் இயலாது. சிறு நகரொன்றில் இப்பணியில் ஆர்வமுடையோர் முப்பதின்மர் எனக் கொள்வோம். அவர்கள் இரண்டாகப் பிரியின் பதினைவர் கொண்ட குழுக்கள் இரண்டு தோன்றுவதில்லை. பெரும்பாலும் இரண்டுமே மறைந்துபோகின்றன. கூடுவதற்கு இடம் தந்த பாடசாலை அதிபர், நம்பி அழைத்த ஆசிரியர், பழகிய நட்பு, குழுவின் பெயர் ஆகிய எவற்றையும் படியெடுக்கும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பெயரோ பல வேளைகளிற் குழுவுக்குச் சொந்தமானதுமன்று. உபுந்து என்னும் பெயர் கனோனிக்கல் நிறுவனத்தின் வணிகக்குறி. நாட்டுக்கு ஒரு குழு, ஐக்கிய அமெரிக்காவிலாயின் மாநிலத்திற்கு ஒரு குழு என்ற ஒழுங்கில் ஏற்பிசைவு வழங்கப்பட்டமையால், பிரிந்து செல்வோருக்கு அப்பெயரோடு இயங்கும் வாய்ப்பு அரிதாயிற்று. ஆகவே இங்கும் கடல் ஒன்று உண்டு. ஆழம் குறைந்த கடல் எனலாம். வெளியேறுவோர் மாள்வதில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் வளர்த்த ஒன்றைக் கரையிலே விட்டுச் செல்கின்றனர்.

மற்றொரு விடை, பணி செய்பவரே ஆளட்டும் என்பதாகும். தேர்தலும் வேண்டாம், பதவியும் வேண்டாம். எவர் ஒரு வேலையை எடுத்துச் செய்கின்றாரோ அவ்வேலை பற்றிய முடிவும் அவருடையதே. கேட்பதற்கு நீதியாகத் தோன்றும் இக்கொள்கை இவ்வியக்கத்தில் மிகுந்த செல்வாக்குடையது. பேச்சு மிகுந்து செயல் குன்றும் சங்கங்களைக் கண்டு சலித்தோர்க்கு இது கவர்ச்சியாகத் தோன்றுதல் இயல்பே. ஆயின் வேலையை எடுத்துச் செய்வதற்கு முதலில் வேண்டுவது நேரம். நேரமோ சமுதாயத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை. பகல் முழுதும் உழைத்து இரவிற் களைத்து வருபவரும், சமையலும் பிள்ளை வளர்ப்பும் தம்மீது சுமத்தப்பட்ட பெண்ணும், வீட்டிற் கணினி இல்லாத மாணவரும் இப்போட்டியிற் பின்தங்குவர். சிறந்த அரசிலே கைவினைஞருக்குக் குடியுரிமை ஆகாது, அவர்களுக்கு ஓய்வில்லை என்றார் அரிஸ்டோட்டில். அவர் வெளிப்படையாகக் கூறியதனை இக்கொள்கை வெளிப்படக் கூறாது நிகழ்த்திவிடுகின்றது. செய்பவர் ஆளட்டும் என்பது, நடைமுறையில், ஓய்வுடையோர் ஆளட்டும் என்பதாக முடிகின்றது.

ஐக்கிய அமெரிக்கப் பெண்விடுதலை இயக்கத்தினரான ஜோ பிறீமன் 1970இல் நிகழ்த்திய உரையொன்று பின்னர் கட்டுரையாக வெளிவந்து பெரும் வாதங்களுக்கு இடமளித்தது. அமைப்பே இல்லாத குழு என ஒன்று இருக்க முடியாது. விதிகள் எழுதப்படாதவிடத்து நட்பு வட்டமே ஆளும். அவ்வட்டத்தைத் தெரிந்தெடுத்தவரும் இல்லை, நீக்கக்கூடியவரும் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். எங்கள் கிராமத்துச் சனசமூக நிலையங்களின் யாப்பையும் கூட்டறிக்கைப் புத்தகத்தையும் பழமைச் சடங்கென எள்ளுவோர் இதனைச் சிந்தித்தல் தகும். கணக்கு எங்கேயென ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க ஒருவருக்கு உள்ள உரிமை, எழுதப்பட்ட யாப்பு இருப்பதனாலேயே உள்ளது.

இனிக் கடப்பாடு பற்றிய வினா. 1998இல் ஏற்கப்பட்ட டெபியனின் யாப்பு, எவரும் பணிசெய்யக் கடமைப்பட்டவரல்லர் என வெளிப்படையாகக் கூறுகின்றது. ஒப்படைக்கப்பட்ட பணியையும் விரும்பாதவர் செய்யாது விடலாம். ஆனால் முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராக முனைந்து செயற்படலாகாது. யாப்பொன்று தன் உறுப்பினர்க்கு இத்துணைச் சுதந்திரம் அளித்தல் வியப்பூட்டுவது. உபுந்துவின் நடத்தைக் கோவையோ வேறொரு கோணத்திலிருந்து நோக்குகின்றது. விலகுவோர் முன்னறிவித்து, விட்ட இடத்திலிருந்து பிறர் தொடரும் வகை செய்து விலகவேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. இவ்விரண்டும் முரணானவை அல்ல. உழைப்பைத் தரும் கடன் தொண்டருக்கு இல்லை; ஆனால் தம்மை நம்பியிருப்போரை இருளில் விடாதிருக்கும் கடன் உண்டு. குழுவின் இணையப் பெயர்ப்பதிவும் கடவுச்சொற்களும் ஒருவர் கையிலே இருந்து, அவர் ஒருநாள் சொல்லாமற் கொள்ளாமல் மறைந்துவிடின், அவர் உழைப்பை மட்டும் மீளப்பெற்றவராகார்; பிறரது உழைப்பையும் உடன்கொண்டு சென்றவராவார். ஒரு கதவின் திறப்பை வைத்திருத்தல் தொண்டன்று, பொறுப்பு.

இப்பொறுப்பு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு இலங்கையே சான்று தந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்த சில நாட்களுள், லங்கா சொப்ற்வெயார் பவுண்டேசன் ஒருங்கிணைக்கக் கணினியாளர் பலர் தொண்டர்களாகக் கூடிச் சகானா என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். காணாமற் போனோர் பதிவு, முகாம்கள் பற்றிய பதிவு, நிவாரண நிறுவனங்களின் பதிவு என்பன அதில் அமைந்தன. 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. முதல் வாரங்களில் அத்தொண்டர்களை உறக்கமின்றி உழைக்கவைத்த உணர்வுக்கு யாப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஆயின் உணர்வு தணிந்த பின்னரும் மென்பொருள் நிலைத்தல் வேண்டும். தாயொருத்தி பிள்ளையின் பெயரைத் தேடும் பதிவேட்டில் வழு இருப்பின், அதனைத் திருத்த எவரும் கடமைப்பட்டவரல்லர் எனக் கூறிவிட முடியுமா? தனித்தொண்டர் எவரையும் குறைகூறல் பொருந்தாது; கடப்பாடு தனியாளிடமிருந்து குழுவிற்குப் பெயர்ந்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும். ஒருவர் களைத்தால் மற்றொருவர் ஏற்கும் ஒழுங்கைச் செய்துவைத்தலே குழுவின் கடன். 2009இற் சகானாவிற்கெனத் தனியானதோர் அறக்கட்டளை நிறுவப்பட்டமையை இந்நோக்கில் விளங்கிக்கொள்ளலாம்.

இவ்வொழுங்கில் தலைமை எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்பதும் அடங்கும். பைதன் மொழியை ஆக்கிய கைடோ வான் றொசம், வாழ்நாள் முழுவதற்குமான நல்லெண்ணச் சர்வாதிகாரி எனப் பாதி வேடிக்கையாகவும் பாதி மெய்யாகவும் அழைக்கப்பட்டவர். 2018 யூலையில் அவர் அந்நிலையினின்றும் விலகினார்; தமக்குப் பின் ஒருவரையும் நியமிக்கவில்லை. மொழியை வளர்த்தோர் தாமே ஆட்சிமுறைகள் பலவற்றை முன்வைத்து வாக்கெடுத்து, 2019இல் ஐவர் கொண்ட சபையைத் தெரிந்தனர். சர்வாதிகாரி நல்லவராக இருந்தமை அன்று, அவர் விலகியபோது எஞ்சியோர் தம்மைத் தாமே ஆளத் தெரிந்திருந்தமையே அங்குப் பாராட்டுக்குரியது.

ஆயின் எஞ்சியோர் என்போர் யாவர்? டெபியனில் வாக்களிப்போர், தகுதி ஆராயப்பட்டு ஏற்கப்பட்ட உறுப்பினரே. பைதனிலும் வாக்கு வளர்த்தோருக்கே. உழைத்தவர்க்கே வாக்கு என்பது உலகளாவிய பெருந்திட்டத்திற் பொருந்தலாம். ஊர்க்குழுவிலோ பழுதான கணினியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வரும் ஆசிரியையும், தமிழில் எழுத்துத் தெரியவில்லையென முறையிடும் முதியவரும் உண்டு. அவர்கள் நிரல் எழுதுவதில்லை. குழு யாருக்காக உள்ளதோ அவர்கள் அவர்களே. எந்தப் பாடசாலைக்கு முதலிற் செல்வது, எக்கலைச்சொல்லைக் கைக்கொள்வது என்பன பற்றிய முடிவுகளின் விளைவைச் சுமப்போரும் அவர்களே. எனினும் அத்தகையோர் வாக்களிக்க அழைக்கப்படுதல் அரிது.