தேய்ந்த காசுகள்

அப்பா விட்டுப்போன பிஸ்கட் டின்னில் நாற்பத்து மூன்று காசுகள். பெரும்பாலும் கும்பினிக் காசுகள், ஓட்டைக் காலணாக்கள். மதுரையில் பழங்காசு வியாபாரி ஒருவர் கொட்டிப் பார்த்தார்: “எல்லாம் தேய்மானம் சார். மொத்தமாகத் தள்ளிவிட்டு, நல்ல நிலையில் ஒரே ஒரு திப்பு யானைக் காசு வாங்குங்கள்.”

டின்னிலும் ஒரு திப்பு காசு இருக்கிறது. யானையின் முதுகுக் கோடுதான் மிச்சம். 1792இல் கும்பினி வசமாகும்வரை திண்டுக்கல் பெரும்பாலும் மைசூர் ஆட்சியில் இருந்தது. அந்த யானை எங்கள் ஊர்ச் சந்தையில்தான் தேய்ந்தது என்பதற்கு ஆதாரமில்லை. எங்கோ, யார் யார் விரல்களிலோ தேய்ந்தது. தேயாத காசைக் கொடுத்து யாரும் அதிகம் உப்பு வாங்கியிருக்க முடியாது. ‘தரம்’ என்று வியாபாரி சொல்வது புழங்காமையின் அளவு. (நம் பத்திரிகைகளின் விற்காத பிரதிகளும் உயர்ந்த தரத்தில்தான் பரண்மேல் இருக்கின்றன.)

இதற்காகத் தேய்வைப் பூஜை செய்வதும் பொய். கவுண்டரில் அழுக்கு நோட்டை நீட்டுகிறவரிடம் முகம் சுளிப்பவன் நான். 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனபோது, வேலைக்குப் புதியவனாக இருந்தேன். சில்லறை எண்ணுவது குறைந்ததென்று மகிழ்ந்தேன்.

அப்பாவும் சேகரிப்பாளரல்ல. செல்லாததைத் தூக்கிப்போட மனம் வராதவர், அவ்வளவுதான். ‘சேகரிப்பு’ என்று பெயரிட்டது நான்; பெயரிட்டதும் அது மட்டமாகிவிட்டது.

விற்பதில் அவருக்குத் துரோகம் இல்லை. வீட்டில் பணத்துக்குத் தேவையும் இருக்கிறது. விற்றுவிடலாம். ஆனால் அவர் கை படாத ஒன்றை வாங்கி, அதே டின்னில் போட்டு, அப்பாவுடையது என்று என் பையனிடம் காட்ட என்னால் முடியாது.