அம்மாவுக்கு ஆசையில்லை என்று யார் சொன்னது?

நம் வீடுகளில் ஒரு பொய் மிகுந்த மரியாதையோடு உலவுகிறது. ஓய்வு பெற்ற அப்பா சிம்லா போனார், அந்தமான் போனார், பழைய ஆபீஸ் நண்பர்களோடு பத்ரிநாத் வரை போய்வந்தார் என்று மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளைகளிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அவங்களுக்கு இதுலெல்லாம் ஆசையே கிடையாதுங்க. வீடே சொர்க்கம்னு இருப்பாங்க" என்பார்கள். சொல்லும் குரலில் பெருமை வேறு. அம்மா ஏதோ பற்றறுத்த ஞானி என்பதுபோல.

அந்தப் பெருமையை என்னால் ஏற்க முடியவில்லை. பயண ஆசை பசியைப்போல உடம்போடு பிறந்து வருவதில்லை. ஐந்து வயதிலோ பத்து வயதிலோ யாராவது ஒருவர் அதைப் பிள்ளையின் காதில் போட வேண்டும். போட்டவர் தாத்தாவாக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டு ரயில்வேக்காரராக இருக்கலாம். அறுபது வயதில் பெட்டியைக் கட்டுகிற கை, அன்றைக்குக் கேட்ட கதையின் கை. கட்டாத கைக்கு அந்தக் கதை மறுக்கப்பட்டது. மறுத்துவிட்டு, அதற்கு வைராக்கியம் என்றும் அடக்கம் என்றும் பெயர் வைத்துக் கும்பிடுகிறோம்.

ஜோதிடரைக் கேட்டால் ஒன்பதாம் இடம், பன்னிரண்டாம் இடம் என்பார். கடல் கடக்கும் யோகம் என்பார். அவர் கணக்குப்படி ஆசையும் கிரகம் கொடுத்தது, ஆசையின்மையும் கிரகம் கொடுத்தது. யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதே மூளைதான் தினசரி நாள்காட்டியில் சூலம் போட்டுவைத்தது. திங்களும் சனியும் கிழக்கே போகாதே, செவ்வாயும் புதனும் வடக்கே போகாதே, வியாழன் தெற்கே ஆகாது, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே ஆகாது. போயே தீரவேண்டுமென்றால் தயிர், பால், தைலம், வெல்லம் என்று பரிகாரம். திங்கட்கிழமை காலை திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குக் கிழக்கு நோக்கி ரயில் நிறைய மனிதர்கள் போகிறார்கள். தயிர் சாப்பிட்டவரும் சாப்பிடாதவரும் ஒரே நேரத்தில்தான் போய் இறங்குகிறார்கள். 1888இல் சட்டம் படிக்க லண்டனுக்குக் கிளம்பிய காந்தியை, கடல் கடப்பது ஆகாது என்று அவருடைய மோத் பனியா சாதிப் பெரியவர்கள் பம்பாயில் கூடிச் சாதிநீக்கம் செய்தார்கள். ஊரை விட்டு நகர்கிறவன் ஊர்க் கட்டுப்பாட்டை விட்டும் நகர்ந்துவிடுவான் என்ற அச்சம் இந்த விதிகளுக்கெல்லாம் அடியில் இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானதுதான். நகர்ந்தவர்கள் மாறித்தான் போனார்கள்.

அப்படி மாறிப்போனவர்களில் ஒருவரான ராகுல் சாங்கிருத்தியாயனை நம் வாசகர்களுக்கு 'வால்காவிலிருந்து கங்கை வரை' நூலாசிரியராகத் தெரியும். 1893இல், இன்றைய உத்தரப்பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில், வைதீகப் பிராமணக் குடும்பத்தில் கேதார்நாத் பாண்டே என்ற பெயரோடு பிறந்தவர். வளர்ந்தது தாய்வழிப் பாட்டன் வீட்டில். அந்தப் பாட்டன் பட்டாளத்தில் இருந்தவர். தெற்கே ஐதராபாத் பக்கமெல்லாம் போய்வந்தவர். வேட்டைக் கதை, காட்டுக் கதை, கண்ட ஊர்களின் கதை என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் உருதுப் பாடநூலில் வந்த இரண்டடிப் பாட்டு ஒன்று, இளமை இருக்கும்போதே உலகைச் சுற்றிப் பார் என்று பையனைச் சீண்டியது. ஒரு கிழவரின் பேச்சும் பாடநூலின் இரண்டு வரியும். இவ்வளவுதான் முதலீடு.

விளைவைப் பாருங்கள். பையன் வீட்டை விட்டு ஓடினான். சாதுவானான், ஆரிய சமாஜியானான், இலங்கை போய்ப் புத்த பிக்குவானான், கடைசியில் மார்க்சியவாதியானான். ஒவ்வொரு ஊரும் ஒரு நம்பிக்கையைக் கழற்றி வாங்கிக்கொண்டது. 1929இல் மாறுவேடத்தில் நேபாளம் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்தார். பிறகு 1934, 1936, 1938 என்று மேலும் மூன்று முறை. இந்தியாவில் அழிந்துபோன சமஸ்கிருத பௌத்த நூல்களை அங்கிருந்த மடங்களில் தேடிப் பிடித்தார். கோவேறு கழுதைகளில் அவர் ஏற்றிக் கொண்டுவந்த சுவடிகளும் ஓவியங்களும் பாட்னாவில் இருக்கின்றன. 1945 முதல் 1947 வரை லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். மற்றவர்கள் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயதில் மறுபடியும் இலங்கைக்குப் போய் வித்யாலங்காரப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். ஊர்சுற்றுவதற்கென்றே ஒரு சாத்திரம் எழுதினார். தமிழில் அது 'ஊர்சுற்றிப் புராணம்' என்று வந்திருக்கிறது. அதில் பெண்கள் ஊர்சுற்ற வேண்டும் என்று வாதாடித் தனி அத்தியாயமே வைத்தார்.

இதுவரை எல்லோரும் கைதட்டலாம். நான் நிற்கும் இடம் வேறு. அதே ராகுலுக்குப் பதினோரு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். பெண்ணின் பெயர் சந்தோஷி, அவளும் குழந்தை. அவன் ஓடிப்போனான். அவள் எங்கே ஓடுவாள்? அவர் நாடு நாடாகப் போன வருடங்களெல்லாம் அவள் அந்தக் கிராமத்து வீட்டிலேயே இருந்தாள். ஐம்பது வயதாகும்வரை ஆசம்கர் மண்ணை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்து, சொன்னபடி 1943இல்தான் அவர் திரும்பிப் பார்த்தார். விருப்பமில்லாத வயதில் கட்டிவைத்த தாலிக்கு அவரைக் குற்றவாளியாக்குவது சரியல்ல. குழந்தை மணத்தை நடத்திய சாத்திரம்தான் குற்றவாளி. ஆனால் ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை. அந்தப் பெண்ணுக்கும் ஒரு பாட்டன் இருந்திருப்பாரே, அவர் யாருக்குக் கதை சொன்னார்?

அந்தக் கேள்விக்குப் பதில்போல ஒன்றைத் தனுஷ்கோடியில் கேட்டேன். அரிச்சல்முனையில் யாத்திரை பஸ் ஒன்று நின்றிருந்தது. மஞ்சள் சேலைக் கூட்டம், கையில் பிளாஸ்டிக் கேன், ராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடித்த ஈரத் தலைகள். எல்லோரும் மணலில் உட்கார்ந்து புளிசாதம் பிரித்துக்கொண்டிருக்க, எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும், "தம்பி, அந்தாண்ட தலைமன்னாருதான?" என்றார். ஆமாம்மா, இங்கேயிருந்து பக்கம்தான் என்றேன். "எங்கப்பா இந்த வழியாத்தான் கொழும்புக்குப் போனாரு. எழும்பூர்ல ஏறினா இங்க வந்து கப்பல், அங்க எறங்கினா மறுபடி ரயிலு. எங்கண்ணனை மடியில வச்சுக்கிட்டுக் கதை கதையாச் சொல்லுவாரு. நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன்." பஸ்காரர் விசில் அடித்ததும் போய்விட்டார்.

அந்த வழியில் போன 'போட் மெயில்' ரயிலைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு பிழை கிடையாது. 1914இல் தொடங்கிய தடம் அது. 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடியும் அந்தத் தடமும் போயின. அறுபது ஆண்டுகளாக, மூன்றாவது ஆளுக்குச் சொல்லப்பட்ட கதையை ஒட்டுக்கேட்டு, ஒரு நிலையத்தின் பெயர்கூடத் தவறாமல் வைத்திருந்திருக்கிறார். இவருக்கும் வீட்டில் யாரோ "ஆசையே கிடையாது" என்றுதான் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்.

அவர் ஏன் மஞ்சள் சேலையில் வந்தார் என்பதையும் பேச வேண்டும். பகுத்தறிவு பேசுகிறவர்கள் இத்தகைய பஸ்களைப் பார்த்து எளிதாகச் சிரித்துவிடுகிறார்கள். நான் சிரிக்க மாட்டேன். நம் பெண்களுக்கு வீட்டு வாசலைத் தாண்ட ஒரே அனுமதிச் சீட்டு சாமி கையெழுத்துப் போட்டதுதான். ஊட்டி பார்க்கப் போகிறேன் என்று சொல்ல முடியாதவர் மேல்மருவத்தூருக்குப் போகிறேன் என்று சொல்லலாம். கணித மேதை இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறுவதற்கே, நாமகிரித் தாயார் கனவில் வந்து தடுக்காதே என்றதாக அவருடைய தாயார் சொல்ல வேண்டியிருந்தது. மேதைக்கே அந்தச் சீட்டு தேவைப்பட்ட ஊரில், களையெடுத்துப் பிழைத்த பெண் வேறு எதைக் காட்டி வெளியே வருவார்? சீட்டை வாங்கிப் பயன்படுத்துகிற பெண்ணிடம் எனக்குச் சண்டையில்லை. அந்தச் சீட்டு இல்லாமல் வாசலைத் திறக்காத வீட்டோடுதான் சண்டை.

அரசும் இதே வீட்டின் மூத்த மகன்போல நடந்துகொள்கிறது. அறநிலையத்துறை அறுபது வயது கடந்தவர்களை இலவசமாக அறுபடை வீடுகளுக்கும் காசிக்கும் அழைத்துப்போகிறது. முதியவர் என்றால் அவருக்குக் கோயில் மட்டும்தான் வேண்டும் என்று யார் தீர்மானித்தது? ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. கீழடியில் அருங்காட்சியகம் திறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சனிக் கிரகத்துக்கு எள் விளக்குப் போட்டே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு, தொலைநோக்கியில் அந்தக் கிரகத்தின் வளையத்தை ஒரே ஒரு முறை காட்டிப் பாருங்கள். அதற்கும் ஒரு பஸ் விடலாமே.

இன்னொரு பக்கம், இருந்ததையும் பிடுங்கினார்கள். ரயிலில் அறுபது வயது ஆண்களுக்கு 40 சதவீதமும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. தொற்றுக்காலத்தில், 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். தொற்று போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. இதற்கு மாறாக, 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோது, "ஓசி பஸ்ஸில் ஊர் சுற்றுறாளுக" என்று டீக்கடையில் பேசிய ஆண்களை நான் கேட்டிருக்கிறேன். சுற்றட்டுமே! பக்கத்து டவுனில் இருக்கும் அக்காவைப் பார்க்க மகனிடம் இருபது ரூபாய்க்குக் கை நீட்ட வேண்டியிருந்த பெண், கேட்காமல் ஏறுகிறாள். ஏறத் தெரிந்த கால் ஒரு நாள் ரயிலும் ஏறும். டீக்கடைக் கோபத்தின் காரணமும் அதுதான்.

பணம்தான் தடை என்பவர்களுக்குக் கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைக் காட்டுவேன். டீ விற்ற காசில் தினம் கொஞ்சம் எடுத்துவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பிவந்து அடைத்து, மறுபடி கடன் வாங்கி, இருபத்தைந்து நாடுகளுக்கு மேல் பார்த்தார்கள். சின்ன வயதில் அப்பா தன்னைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனதில் வந்த ஆசை என்பார் விஜயன். எழுபதைக் கடந்த பிறகு ரஷ்யா போய்வந்து, 2021 நவம்பரில் இறந்தார். அந்தப் பயணங்களில் மோகனா பக்கத்தில் இருந்தார். அப்பா மகனுக்குக் கொடுத்ததை மகன் மனைவியோடு பங்கிட்டார். இந்த ஒன்றுக்காகவே அந்த மனிதரை வணங்கத் தோன்றுகிறது எனக்கு.

நம் நடுத்தர வர்க்கத்துக்குக் கடன் வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அங்கேயும் நடப்பது என்ன? மகள் அமெரிக்காவில் உண்டாகியிருக்கிறாள் என்றதும் அம்மா விமானம் ஏறுகிறார். விசா சுற்றுலா விசா. ஆறு மாதம். பத்தியச் சமையல், குழந்தை குளிப்பாட்டல், இரவு கண்விழிப்பு. நயாகராவுக்கு ஒரு நாள் கூட்டிப்போய் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் "அம்மா அமெரிக்கா பார்த்துட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிடும். அப்பாவுக்கு அலுவலகம் அறுபதில் விடை கொடுத்தது. அம்மாவின் அடுப்படி அவரை எட்டாயிரம் மைலுக்கு அப்பாலும் பின்தொடர்ந்து போகிறது. வயதான காலத்தில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுதான் புண்ணியம் என்கிறார்கள். புண்ணியம் ஏன் எப்போதும் சம்பளமில்லாத வேலையாகவே இருக்கிறது?

வயதானால் அடங்கி உட்கார்ந்து பரலோகத்தை நினைக்க வேண்டும் என்று சொல்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே ஒருவர் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெரியார் தொண்ணூற்று நான்கு வயதில், சிறுநீர்க் குழாயைச் செருகிக்கொண்டு வேனில் ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19இல் தியாகராய நகரில் பேசினார். 24ஆம் தேதி இறந்தார். இடையில் ஐந்தே நாள். அவர் எந்த மோட்சத்தையும் தேடிப் போகவில்லை. இந்த உலகத்து மனிதர்களைத் தேடிப் போனார்.

இப்போதுகூட, பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்று அறிவித்ததும் ஒரு தாள் வீட்டுக்கு வருகிறது. பையன் தாளில் அப்பா கையெழுத்துப் போடுகிறார். வயதுக்கு வந்த பெண்ணின் தாள் இரண்டு நாள் பூஜை அலமாரியில் கிடந்து, "ஊர் கெட்டுக் கிடக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்ற பதிலோடு திரும்புகிறது. இன்றைக்குப் பதின்மூன்று வயதில் கையெழுத்து மறுக்கப்படுகிற அந்தப் பெண்ணைப் பற்றித்தான் ஐம்பது வருடம் கழித்து அவள் பிள்ளைகள் "அம்மாவுக்கு ஆசையே கிடையாது" என்பார்கள். கையெழுத்தைப் போடுங்கள். ஊர் கெட்டுக் கிடந்தால் ஊரைத் திருத்துவது அப்பன்களின் வேலை. அதற்குப் பெண்ணைப் பூட்டிவைப்பது என்ன நியாயம்?

ஏற்கெனவே அறுபதைத் தாண்டிவிட்ட அம்மாக்களிடம் "எங்கேயாவது போகணுமா?" என்று கேட்டுப் பயனில்லை. "எனக்கு எதுக்குப்பா" என்றுதான் வரும். அந்தப் பதிலைச் சொல்லச் சொல்லித்தான் அவர்களை வளர்த்திருக்கிறோம். சின்ன வயதில் யார் எந்த ஊர்க் கதையைச் சொன்னார்கள் என்று கேளுங்கள். மாமா வேலை பார்த்த பம்பாய், பாடப்புத்தகத்தில் படம் பார்த்த தாஜ்மகால், வானொலியில் பெயர் மட்டும் கேட்ட ரங்கூன் என்று ஏதாவது ஒன்று வரும். அந்த ஊருக்கு டிக்கெட் போடுங்கள். வேண்டுதல், கல்யாணம், பிரசவம் என்று எந்தக் காரணமும் சேர்க்காமல், பார்ப்பதற்காக மட்டும். முட்டி வலி என்று உடனே யாராவது குறுக்கே வருவார்கள். ரயிலில் நாற்பத்தைந்து வயது கடந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கைக்கென்று ஒதுக்கீடே இருக்கிறது; பெரிய நிலையங்களில் சக்கர நாற்காலி இருக்கிறது. பேரனை யார் பார்த்துக்கொள்வது என்பார்கள். அவனுக்கு அப்பன் இருக்கிறான். ஒரு வாரம் அவன் சோறு ஊட்டட்டும்.