விழவிடாத சுழற்சி

ஆவணி அமாவாசை இரவில், மழைமுகில் இல்லாத வேளை பார்த்து, சிலாபத்துக் கடற்கரையில் ஊர் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால் தெற்கு வானில் பால்வீதி தெரியும். வானம் முழுக்கப் பரவாமல் அது ஏன் ஒரு பட்டையாக மட்டும் கிடக்கிறது? நாம் ஒரு தட்டுக்குள் இருந்துகொண்டே அந்தத் தட்டைப் பார்க்கிறோம். அது தட்டாக ஆன கதைதான் என் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் திரண்ட இடங்களை நோக்கி ஹைட்ரஜனும் ஹீலியமும் விழுந்தன. விழுந்த வேகத்தில் மோதிச் சூடேறின. பால்வீதி அளவுள்ள விண்மீன் மண்டலத்தில் அந்தச் சூடு பத்து இலட்சம் பாகையைத் தொடும். அவ்வளவு சூட்டில் விண்மீன் பிறக்காது. வாயு தன் வெப்பத்தை ஒளியாக வெளியே விட்டுக் குளிர வேண்டும், பிறகுதான் உள்ளே இறங்கும். சுழற்சியை அப்படிக் கழற்றிவிட வழியில்லை. அயல் திரள்களின் ஈர்ப்பு ஆதியில் தந்த மெல்லிய திருப்பம், வாயு சுருங்கச் சுருங்க வேகம் பிடிக்கும். களப்பு முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறும்போது ஒரு குச்சியைப் போட்டுப் பாருங்கள். அது நேரே உள்ளே போகாது, சுழித்துக்கொண்டுதான் போகும். வாயுவும் நடுவுக்குப் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டே தட்டையாயிற்று.

சுழற்சி குறைந்திருந்தால்? கோயம்புத்தூரில் பிறந்த வானியற்பியலாளர் பிரியம்வதா நடராஜன், சக ஆய்வாளர் ஜுசெப்பே லொடாட்டோவுடன் 2006இல் இதைக் கணக்கிட்டார். ஆதி மண்டலம் ஒன்றில் சுழற்சி குறைவு, வாயுவும் சில ஆயிரம் பாகைக்குக் கீழே குளிர முடியாத நிலை என்று வைத்துக்கொள்வோம். அப்போது வாயு விண்மீன்களாக உடையாது. நடுவில் கொட்டிப் பெருங்கருந்துளைக்கு வித்தாகும். 2023இல் சந்திரா, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிகள் சேர்ந்து காட்டிய யூஹெச்இசட்1 மண்டலம் இதற்குப் பொருந்துகிறது. பிரபஞ்சத்துக்கு 47 கோடி வயது ஆனபோதே, அந்த மண்டலத்தின் விண்மீன்கள் அத்தனைக்கும் ஈடான எடையில் அங்கே ஒரு கருந்துளை இருந்தது.

இதை அறிந்த பிறகு தடை என்ற சொல்லை நான் பழையபடி கேட்பதில்லை. ஈர்ப்பு தன் இஷ்டப்படி எல்லாவற்றையும் நடுவுக்கு இழுத்திருந்தால் இருட்டுத்தான் மிஞ்சியிருக்கும். நடுவிலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளி, ஒரு சுற்றுக்கு 23 கோடி ஆண்டு எடுத்துக்கொண்டு போகும் நம் சூரியன், விழுவதற்கு வழி மறிக்கப்பட்ட அந்த வாயுவில் பிறந்ததுதான்.