கேள்வியின் இரு பொருள்

தமிழிலே 'கேள்வி' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. செவிமடுத்தலும் கேள்வி, வினாவுதலும் கேள்வி. திருவள்ளுவர் குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' எனப் பெயரிட்டபோது முதற் பொருளையே கொண்டார். அவையிற் பேசும் ஆற்றலை அவர் அதனோடு சேர்க்கவில்லை. 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என 72ஆம், 73ஆம் அதிகாரங்களில் வேறாக வைத்தார். கேட்பது ஒரு பண்பு. அவையிலே பேசுவது பிறிதொரு பண்பு. ஒன்று வாய்த்தவர்க்கு மற்றதும் வாய்த்தது எனக் கொள்ளலாகாது.

வலைத்தள வடிவமைப்பாளருக்கென இணையவழி நடைபெறும் மாநாடுகளைப் பற்றி எண்ணுமிடத்து இவ்வேறுபாடு நம் முன்னே வந்து நிற்கிறது. அவையின் கதவு திறந்து விட்டது. எவரும் இருந்த இடத்திலிருந்தே கேட்கலாம். கேட்க முடிந்தவர் அவையின் உறுப்பினராகி விட்டாரா? இதனைத் தொழில்நுட்ப வினா என ஒதுக்குதல் தகாது. அறத்தைப் பற்றிய வினா இது.

1989இல் டிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுக் கூடத்திலே உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்பிரில் 30ஆம் திகதி அக்கூடம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. பொதுவுடைமையாய்ப் பிறந்த அவ்வலையின்மீது ஒரு தொழில் வளர்ந்தது. தொழிலோடு அதன் அவைகளும் வளர்ந்தன. எரிக் மேயர், ஜெஃப்ரி செல்ட்மன் ஆகிய இருவர் 2005இல் பிலடெல்பியா நகரிலே தொடங்கிய 'ஆன் ஈவென்ட் அபார்ட்' அவற்றுட் பெயர்பெற்றது. எழுத்து எவ்வாறு அமைய வேண்டும், சிறு திரையிலே பக்கம் எவ்வாறு ஒடுங்க வேண்டும், பார்வையற்றவர் அதனை எவ்வாறு வாசிப்பார் என்பனவெல்லாம் இத்தகைய அவைகளிலே பேசப்பட்டு, பின்னர் உலகெங்கும் வழக்காயின. ஆயினும் அம்மாநாட்டின் மூன்று நாட் கட்டணமே ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்டது. விமானச் சீட்டும் விசாவும் வேறு. 2020இல் கொள்ளைநோய் உலகை வீட்டுக்குள் அடைத்தபோது அது இணையவழிக்கு மாறிற்று. 2023இல் அம்மாநாடு முடிவுற்றது. எனினும் இணையவழிக் கூடும் வழக்கம் தொழிலிலே நிலைத்து விட்டது.

இம்மாற்றம் வன்னிக்கு என்ன பொருள் தருகிறது? தொண்ணூறுகளில் வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதிக்கு மின்வலை எட்டவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டிலே ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் பிள்ளைகள் படித்தனர். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள ஒரு கடைக்கான வலைப்பக்கத்தைப் பரந்தனிலிருந்து ஓர் இளைஞன் அமைத்துக் கொடுத்தல் இன்று வியப்புக்குரியதன்று. அவன் கடவுச்சீட்டும் விமானமுமின்றி உலக அவையொன்றைச் செவிமடுக்கிறான் என்பது பெரும் பேறு. இதனைச் சிறுமைப்படுத்துவோர் பெரும்பாலும் எக்கதவும் தமக்கு அடைக்கப்படாதவரே.

நிற்க. அப்பேற்றின் மறுபக்கத்தையும் நோக்குவோம். நியூயோர்க்கில் கோடைகாலத்தே காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் மாநாடு நமக்கு மாலை ஆறரைக்குத் தொடங்குகிறது. அங்கே மாலை ஐந்துக்கு முடியும்போது இங்கே அதிகாலை இரண்டரை. பகலெல்லாம் உழைத்தவன் உறக்கத்தை விலையாகக் கொடுத்துக் கேட்கிறான். 2022 மார்ச்சு இறுதியில் நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிலவிய நாட்களில் அதுவும் இயலாதிருந்தது. இவை புறத் தடைகள், காலப்போக்கிலே நீங்கக்கூடியவை.

ஆழமான தடை வேறொன்று. மேடையிற் பேசுபவர் தம் மனக்கண்ணில் ஒரு பயனாளரை வைத்தே பேசுகிறார். அப்பயனாளரிடம் புதிய கைத்தொலைபேசி உண்டு, விரைந்த இணைப்பு உண்டு, ஆங்கிலம் உண்டு. முல்லைத்தீவின் உட்கிராமமொன்றிலே, கீறல் விழுந்த பழைய தொலைபேசியில், எஞ்சியிருக்கும் சிறிதளவு டேட்டாவைக் கொண்டு அரசாங்கப் படிவமொன்றைத் திறக்க முயலும் தாய் அவர் மனக்கண்ணில் இல்லை. அவளை அறிந்தவன் அவ்வவையிலே ஒருவன் உளன். அவன்தான் நள்ளிரவிலே விழித்திருக்கும் நம் இளைஞன். அவனோ வாய் திறவாது கேட்டு, சான்றிதழ் பெற்று, மறுநாட் காலை அந்தத் தாயால் திறக்கவியலாத கனத்த பக்கமொன்றை அழகுற அமைக்கிறான். ஏகலைவனும் தொலைவிலிருந்தே கற்றான். அவனிடம் துரோணர் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். இங்கே எவரும் எதனையும் கேட்பதில்லை. கற்பவன் தானாகவே தன் ஊரின் நினைவைக் காணிக்கையாக வைத்து விடுகிறான்.

கற்கச் சென்றவன் கற்றால் போதாதா, கிளிநொச்சிக்காக உலகம் தன் வழியை மாற்றுமா எனச் சிலர் வினவலாம். வரலாறு இதற்கு விடை கூறுகிறது. 1991இல் வெளிவந்த யுனிகோட் குறியீட்டு முறையிலே தமிழுக்கு அளிக்கப்பட்ட அமைப்பு, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு நியமத்தைத் தழுவியது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அச்சிலே தமிழும் வார்க்கப்பட்டது. நாம் ஓரெழுத்தெனக் கொள்ளும் 'கொ' கணினிக்கு இரு குறிகளாயிற்று. 2010இல் தமிழ்நாட்டு அரசு வேறொரு பதினாறு பிட் குறியீட்டையும் நியமமாக ஏற்றது. ஆனால் யுனிகோடில் ஒருமுறை இடப்பட்ட குறி இடம் மாற்றப்படுவதில்லை. காலங்கடந்து எழும் வினாவுக்கு வலு குறைவு என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டுவது அரிது.

மறுதலையான சான்றுகளும் உள. 1997இல் நா. கோவிந்தசாமி முதலானோரின் முயற்சியாற் சிங்கப்பூரிலே தமிழ் இணைய மாநாடு கூடிற்று; 1999இல் சென்னையிற் கூடிய மாநாட்டின் வழியே 'தமிழ் 99' விசைப்பலகை உருப்பெற்றது. நம் மொழியின் தேவையை அறிந்தோர் அவையிலே வாதிட்டனர். பயன் இன்றும் விரல்நுனியில் உள்ளது. அவுஸ்திரேலியாவிலே பார்வையற்றவரான மைக்கல் கரன் 2006இல் திரையை வாசித்துக் காட்டும் 'என்விடிஏ' மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் தே அவரோடு இணைந்தார். விலைகொடுத்து வாங்க இயலாதோர்க்கென இலவசமாகவே வழங்கப்படும் அது இன்று தமிழையும் வாசிக்கிறது. குறையை அனுபவித்தவர் பேசும்போதே கருவி திருந்துகிறது.

வன்னி மண்ணில் இது வெறும் எடுத்துக்காட்டாகாது. 2009இல் முடிவுற்ற போர் நம்மிடையே பார்வையையும் கேள்விப்புலனையும் கைகளையும் இழந்தோர் பலரை விட்டுச் சென்றுள்ளது. மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கதாக வலைத்தளம் அமைய வேண்டும் என்னும் வழிகாட்டு நெறிகளை உலக வலைக் கூட்டமைப்பு 1999இலேயே வெளியிட்டது. 2023 வரை அவற்றை மீண்டும் மீண்டும் திருத்தியும் வந்துள்ளது. மாநாடு தோறும் அந்நெறிகள் பேசப்படுகின்றன. கேட்பவனின் அயல்வீட்டிலே அந்நெறிகளின் உரிமைக்காரர் இருக்கிறார். ஒரு கையால் மட்டும் தொலைபேசியை இயக்கும் அயலவர் எந்த இடத்தில் இடறுகிறார் என்பதை அவன் கண்டிருக்கிறான். அவ்வறிவை மேடையிலுள்ள எந்த நிபுணரும் பெற்றிலர். எனவே அவனது மௌனத்தை அடக்கம் எனப் போற்றுதல் பொருந்தாது. பிறர்க்குரிய சாட்சியத்தை மறைத்தல் என்றே கொள்ளல் வேண்டும்.

மாநாடு நடத்துவோர்க்கும் கடமை உண்டு. நாடுகளின் வருவாய்க்கேற்பக் கட்டணத்தை அமைத்தல், எல்லாக் கண்டங்களுக்கும் முறைவைத்து நேரத்தை மாற்றுதல், பேச்சை எழுத்தாகவும் பதிவாகவும் வழங்குதல், தொலைவிலிருந்து வரும் வினாவுக்கு முதலிடம் அளித்தல் ஆகியன பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. ஆயினும் அவர்கள் இடமளித்த பின்னரும் நம்மவர் வினவுவரா என்னும் ஐயம் எழவே செய்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் கைகட்டிக் கேட்பதையே ஒழுக்கமாகப் பயிற்றும் வகுப்பறையிலிருந்து வந்தவன், உலக அவையைக் கண்டதும் திடீரென வாய் திறவான். இவ்விடத்தே பொறுப்பு ஆசிரிய சமூகத்தையும் சார்கிறது. குறிப்பெடுக்கப் பழக்கும் நாம் வினவவும் பழக்க வேண்டும். பிழையான ஆங்கிலத்திலேனும் தன் ஊரின் தேவையை எடுத்துரைக்கும் துணிவை ஊட்ட வேண்டும்.

நள்ளிரவில் விழித்திருக்கும் இளைஞனிடம் நாம் வேண்டுவது சிறிதே. ஒவ்வொரு மாநாட்டிலும் ஒரு வினாவையேனும் எழுதுக: "நீர் கூறும் இம்முறை, மெல்லிய இணைப்பிலே, பழைய தொலைபேசியிலே, தமிழ் மட்டும் அறிந்த ஒருவருக்கு எவ்வாறு பயன்படும்?" விடை அன்றே கிடையாதிருக்கலாம். நூறு பேர் நூறு ஊர்களிலிருந்து இதனையே வினவும்போது மேடையிலுள்ளவர் தம் மனக்கண்ணிலுள்ள பயனாளரை மாற்றியே ஆகவேண்டும். செவிமடுத்தலாகிய கேள்வியைக் காலம் நமக்கு அளித்து விட்டது. வினவுதலாகிய கேள்வியை நாமே எழுப்ப வேண்டும்.