கொல்லுமுன் அறிந்தோமா?



திம்புள்ளப் பகுதியில் கொழுந்தெடுத்த கை உங்களுடையதாயின், இரண்டு இலைகள் மெல்லிய நூலால் ஒட்டிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு புழு நெளியும். கண்டவுடன் நசுக்கிவிடுகிறோம். அதில் தவறென்ன என்பீர்கள். கொழுந்து குறைந்தால் சம்பளம் குறையும். வயிற்றுப்பாட்டை மறந்து புழுவுக்கு இரங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. என் கேள்வி வேறு. கொல்வதற்கு முன் அறிய வேண்டிய கடமை மனிதனுக்கு உண்டா?

எட்வேர்ட் ஏர்னஸ்ட் கிறீன் என்பவர் 1861இல் கொழும்பில் பிறந்தவர்; பூண்டுலோயாவில் தோட்டத் துரையாக இருந்தவர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அவ்விடத்தில் தேயிலை வேரூன்றிய காலம் அது. அவர் இலைகளிலும் தண்டுகளிலும் ஒட்டிக் கிடக்கும் செதிற்பூச்சிகளைக் கூர்ந்து நோக்கிப் படம் வரைந்தார். தேயிலைப் பூச்சிகளைப் பற்றி 1890இல் ஒரு நூல் எழுதினார். பின்பு பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளரானார். இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் ஐந்து பாகங்களாக வெளிவந்தது. முதற்பாகம் 1896இல், கடைசிப் பாகம் 1922இல். இடையில் இருபத்தாறு ஆண்டுகள்!

அதே மலைகளில் லயத்துக் காம்பராக்களில் குடும்பங்கள் குளிரில் ஒடுங்கிக் கிடந்தபோது, ஒரு மனிதன் பூச்சியைப் பார்த்துக்கொண்டே ஆயுளைக் கழிப்பது நியாயமா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் பின்னர் நடந்ததைக் கேளுங்கள்.

நாம் நசுக்கிய அந்த இலைசுருட்டிப் புழு ஒரு காலத்தில் தேயிலைக்குப் பெரும் பகையாக இருந்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் பூச்சியியலாளர்கள் 1935–36இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அக்குளவி புழுவின் உடலில் முட்டையிடும். வெளிவரும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். குளவி மலையெங்கும் பரவியது, புழு அடங்கியது. எந்தப் புழுவை எந்தக் குளவி நாடுகிறது என்று பொறுமையாகப் பார்த்திருந்தவர்களின் உழைப்பு அது. மருந்துச் செலவும் இல்லை; யாருடைய உடம்புக்கும் கேடும் இல்லை.

பின்பு, 1950களில், வேறொரு பூச்சியின் மீது கவனம் திரும்பியது. தேயிலைத் தண்டைத் துளைக்கும் அந்த வண்டு எள்ளளவே இருக்கும். தாய் வண்டு தன் வாயருகே ஒரு பூஞ்சணத்தின் வித்துக்களைச் சுமந்து வந்து, தான் குடைந்த சுரங்கத்தில் வளர்க்கிறது. அதையே அதன் குஞ்சுகள் உண்கின்றன. துளையுண்ட வாது முறிந்து விழும். தண்டுக்குள் ஒளிந்திருக்கும் வண்டை எப்படிப் பிடிப்பது? டீல்ட்ரின் என்னும் மருந்தைத் தெளித்தார்கள். நெடுநாள் அழியாமல் நிற்கும் நஞ்சு அது. வண்டுக்காகத் தெளித்த மருந்து குளவியையும் கொன்றது. காவலன் மாண்டதும், அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிற்று.

தெளித்தவர்கள் கெட்டவர்களல்லர். தேயிலையைக் காப்பாற்றவே முயன்றார்கள். அறியாமல் செய்தது குற்றமா என்று கேட்கலாம். ஒழுக்கவியலார் அறியாமையை இரண்டாகப் பிரிப்பார்கள்: எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாதது ஒன்று, சிறிது முயன்றால் நீங்கக்கூடியது மற்றொன்று. முன்னது மன்னிப்புக்குரியது. பின்னதற்கு நாம் பொறுப்பாளிகள். குளவியின் சேவை இருபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. "இம்மருந்து அதை என்ன செய்யும்?" என்ற ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அவசரம் அக்கேள்விக்கு இடங்கொடுக்கவில்லை.

"பசித்தவன் காத்திருக்க முடியுமா?" என்பீர்கள். முடியாதுதான். ஆனால் அவசரத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? நஞ்சு முதலில் படுவது, அதைத் தெளிக்கும் தொழிலாளியின் தோலிலும் மூச்சிலுமே. டீல்ட்ரின் மனித உடலின் கொழுப்பில் சேர்ந்து நிற்கும். 2001இல் ஸ்டொக்ஹோமில் உலக நாடுகள் செய்த உடன்படிக்கையில், முதலில் ஒழிக்கத் தீர்மானித்த பன்னிரண்டு நஞ்சுகளில் அதுவும் ஒன்று. ஆகவே லயத்துத் துன்பமும் பூச்சி ஆராய்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பூச்சியை அறியாத தோட்டத்தில் முதலில் நோகிறவன் ஏழைதான்.

வாசகரே, நாம் எல்லாரும் கிறீனைப் போல் இருபத்தாறு ஆண்டுகள் பார்த்திருக்க முடியாது. ஆயினும் மடிந்த இலையை முதலில் காண்பது ஆய்வாளருடைய கண்ணல்ல. கொழுந்தெடுக்கும் பெண்ணின் கண். அவள் கண்டதைக் கேட்கும் வழக்கம் வேண்டும். மருந்துக் கலனைத் தோளில் ஏற்றுமுன், இது எதைக் கொல்லும், கூடவே எதையெதைக் கொல்லும் என்று கேட்கும் துணிவும் வேண்டும். வீட்டிலும் அப்படியே. பிள்ளை ஒரு பூச்சியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், மிதித்துவிடு என்று சொல்லாதீர்கள். "பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

கொல்லும் வல்லமை நம் கையில் இருக்கிறது. அதனால்தான் அறியும் கடமையும் நம் தலையில் இருக்கிறது.