ஒட்டுதலும் உருகுதலும்

இரண்டு பொருள்கள் ஒன்றாகிவிட்டன என்று எப்போது சொல்லலாம்? தனித்தனியே இருக்க வல்லவை வந்து சேர்வதைச் சம்யோகம் என்றும், பிரிக்க முடியாத உறவைச் சமவாயம் என்றும் பழைய இந்தியத் தத்துவப் பிரிவினரான வைசேஷிகர்கள் வகுத்தார்கள். அந்தக் கேள்வியைக் கண்ணாடி இழைக் கேபிளிலும் கேட்டுப் பார்க்கலாம். இழைகளை இணைக்கும் முறைகளில் ஒன்றான ஃப்யூஷன் ஸ்பிளைசிங்கில் மின்வில்லின் சூடு இரு முனைகளையும் உருக்கி ஒரே கண்ணாடியாக்குகிறது. மெக்கானிக்கல் ஸ்பிளைஸில் எதுவும் உருகுவதில்லை. செங்குத்தாக வெட்டிய முனைகள் நுண்ணிய பள்ளமொன்றில் எதிரெதிரே நிற்க, இடையில் ஒரு ஜெல் நிரம்பியிருக்கும். முன்னதுதான் மெய்யான ஒன்றுசேர்தல், பின்னது வெறும் அண்டை வாசம் என்றே எவருக்கும் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி ஓடும் உள்ளகம் சுமார் 9 மைக்ரான். அதில் 1 மைக்ரான் தள்ளி நின்றாலே ஏறக்குறைய 0.2 டெசிபல் இழப்பு. கோணலாக உருகிய இணைப்பு, நேராகப் பொருந்திய இணைப்பிடம் தோற்றுவிடும். இழைகளின் சம்யோகத்திலிருந்தே துணி என்னும் புதிய முழுமை பிறக்கிறது என்று வைசேஷிகர்களே சொன்னதையும் இங்கே நினைக்கலாம்.

ஆனால் நடுவில் நிற்கும் ஜெல் மூன்றாவது பொருளாயிற்றே? சமவாயத்தை மறுத்தபோது அத்வைதியான சங்கரர் தொடுத்த கேள்வி இதுதான்: இணைப்பதே தனிப்பொருள் என்றால், அதை இரண்டோடும் இணைப்பது எது, அதையும் இணைப்பது எது? கூர்மையான தடை. காற்று இடைவெளியாக இருந்தால் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 3.5 சதவீத ஒளி திரும்பிவிடும்; அங்கே சங்கரர் வென்றார். ஜெல்லின் ஒளிவிலகல் எண்ணோ கண்ணாடியினுடையதை ஒட்டியே இருக்கிறது. ஒளிக்கு அங்கே எல்லையே தென்படாதபோது, இணைக்க வேண்டிய இன்னொன்றும் எழுவதில்லை. இருந்தும் இந்த விடை நிபந்தனைக்கு உட்பட்டது. வெப்பநிலை மாறினால் ஜெல்லின் எண் கண்ணாடியைவிட வெகுவாக மாறும், மறைந்த எல்லை மீண்டும் தலைகாட்டும்.

மெக்கானிக்கல் ஸ்பிளைஸில் இழப்பு கூடுதல் என்பது அடுத்த தடை, மறுக்க முடியாதது. நீண்ட வழியில் 20 இணைப்புகள், ஒவ்வொன்றிலும் 0.2 டெசிபல் என்றால் மொத்தம் 4 டெசிபல்: பாதிக்கு மேற்பட்ட ஒளி போய்விடும். ஒவ்வொன்றிலும் 0.05 டெசிபல் இழப்போடு உருக்கிச் சேர்த்தால் 1 டெசிபல்தான். ஆகவே நெடுந்தொலைவுக்கு உருக்குவதே முறை. எனினும் இந்தக் கணக்கு நிறுவுவது சிக்கனத்தை. உருகாதது ஒன்றாகாது என்பதை அல்ல. உருகிய இணைப்பிலும் இழப்பு பூச்சியமாவதில்லை. வீட்டுக்கு வரும் கடைசிக் கேபிளில் ஓரிரு இணைப்புகள்தான். அறுந்ததை உடனே மீட்க வேண்டிய இடத்தில் மின்வில் கருவிக்குக் காத்திருக்கவும் முடியாது. அங்கே மெக்கானிக்கல் ஸ்பிளைஸைத் தேர்கிறவர் குறைபட்ட ஒருமைக்கு இணங்கிப் போகவில்லை. அந்த வழிக்கு வேண்டிய ஒருமையைத்தான் எடுத்துக்கொள்கிறார்.